கல்வெட்டில் தண்ணீர் வராது

புலம்பெயர்ந்த தமிழர் ஊருக்குச் செய்யும் தானங்களில் கேள்விக்கு அப்பாற்பட்டது ஒன்று உண்டு. கோபுரத்துக்குப் பணம் கொடுத்தால் பகுத்தறிவாளர் ஒருவராவது முணுமுணுப்பார். பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுத்தால், அங்கே மின்சாரம் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். ஆழ்துளைக் கிணறு என்றோ ஆர்.ஓ. இயந்திரம் என்றோ சொல்லிவிட்டால் மண்டபம் முழுக்கக் கைதட்டும். தண்ணீரை எதிர்த்து யார் பேசுவார்கள்?

நான் பேசப்போகிறேன். தண்ணீரை எதிர்த்து அல்ல, அந்தக் கைதட்டலை எதிர்த்து.

என் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அரசு ஊழியரை மிரட்ட நினைப்பவர்கள் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்' என்று சொல்வார்களே, அந்தக் காடு எங்கள் மாவட்டம்தான். கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடத்தை நிரப்ப அரைநாள் காத்திருந்த பெண்களின் பிள்ளைகள் நாங்கள். நான்கைந்து குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியை வேறு மாவட்டத்துக்காரர்கள் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது வீட்டுச் சாமான். ஆகவே, தண்ணீரின் அருமை தெரியாத ஐரோப்பியவாசி பேசுகிறான் என்று யாரும் தொடங்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெளிநாட்டுப் பணத்தில் வந்த ஆர்.ஓ. இயந்திரங்களை எண்ணி முடியாது. ஒவ்வொன்றுக்கும் தகரக் கொட்டகை, நீலத் தொட்டி, காசு போட்டால் தண்ணீர் விழும் பெட்டி, முகப்பில் பளிங்குக் கல்வெட்டு. அந்தக் கல்வெட்டில் அம்மா பெயர், அப்பா பெயர், நகரத்தின் பெயர். சவ்வூடு பரவல் என்று பாடப்புத்தகத்தில் படித்தது நினைவிருக்கும். உப்புத் தண்ணீரை அழுத்தி ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறது இயந்திரம். ஒரு பங்கு நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வந்தால், குறைந்தது அதே அளவு இன்னும் கடுமையான உப்புத் தண்ணீராக அந்தப் பக்கம் போகிறது. அது எங்கே போகிறது என்று எந்தத் திறப்புவிழாப் படத்திலும் காட்டுவதில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் போகிறது, அங்கிருந்து மண்ணுக்குள், மண்ணிலிருந்து அதே ஆழ்துளைக் கிணற்றுக்கு. இரண்டு மூன்று ஆண்டுகளில் சவ்வு அடைத்துக்கொள்ளும். அப்போது ஊருக்குத் தேவைப்படுவது தானம் அல்ல, மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள், உதிரிபாகத்துக்கு ஒரு கணக்கு, புகார் கொடுக்க ஓர் அலுவலகம்.

எங்கள் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர், எனக்கு அண்ணன் முறை, ஒருமுறை சொன்னார்: "தம்பி, மிசினு குடுத்தீக, நல்லது. பில்டரு மாத்த யாரு வருவா? பஞ்சாயத்துல கேட்டா அது உங்காளுக மிசினுங்கிறாக. உங்காளுகளுக்குப் போனப் போட்டா இப்ப அங்க ராத்திரிங்கிறாக."

பராமரிப்பு என்ற சொல்லைத்தான் அவர் இவ்வளவு நீட்டிச் சொன்னார். என் பிழைப்பே அதில்தான். பெரிய நிறுவனங்களின் மென்பொருளை, யாரோ எழுதி விட்டுப்போனதை, விழாமல் தாங்கிப்பிடிப்பது என் வேலை. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு ஆகும் செலவைவிட அதைப் பத்து ஆண்டு ஓடவைக்க ஆகும் செலவு அதிகம் என்பது எங்கள் துறையில் முதலாண்டுப் பையனுக்கும் தெரியும். அலுவலகத்தில் அதையே நாள் முழுக்க வாடிக்கையாளருக்கு விளக்கிவிட்டு, மாலையில் சங்கக் கூட்டத்துக்கு வந்து பராமரிப்புக்கு ஒரு யூரோகூட ஒதுக்காத இயந்திரத்துக்குக் கைதூக்குகிறோம்.

எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்ததே ஒரு கதை. அது கல்வெட்டுக் கொட்டகையிலிருந்து வரவில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் காவிரியில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக ராமநாதபுரம் வரை குழாய் போட்டுக் கொண்டுவந்த கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் வந்தது. செய்தது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அந்தக் குழாயில் தினமும் வருகிறதா என்றால் இல்லை. வழியில் உடைகிறது, திருடுகிறார்கள், கடைமடைக்கு வரும்போது நூலாகிவிடுகிறது. இருந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஓர் ஆற்றை எங்கள் வாசலுக்கு இழுத்துவர உலகத்தில் வேறு எந்த வகை அமைப்பாலும் முடிந்திருக்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கி, எலும்பை வளைத்தது. அதற்கு மாற்று வழி வகுத்ததும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம்தான். ஜப்பானின் கடனுதவியில், அதே வாரியம் கட்டி, 2013இல் திறந்தது.

வாரியம் என்றதும் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது. 'அரசாங்கத்திடம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்' என்பது நம் கூட்டங்களில் தேசிய கீதம் மாதிரி. எழுந்து நின்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்ல உங்களைக் கம்போடியாவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

1975இல் கெமர் ரூஜ் புனோம்பென் நகரத்தையே காலி செய்தது. நான்கு ஆண்டுகள் கழித்து மக்கள் திரும்பியபோது குழாய் வரைபடங்கள் இல்லை, வரைந்தவர்களும் இல்லை. 1993இல் நகரின் குடிநீர் ஆணையத்துக்கு எக் சொன் சான் என்ற பொறியாளர் தலைவராக வந்தார். இனப்படுகொலையில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். அப்போது சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. கொஞ்சம் கசிந்தது, மீதி திருடுபோனது. திருட்டு இணைப்புகளை விற்றவர்களில் ஆணையத்தின் ஊழியர்களே இருந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதிக்குக் குழாயே இல்லை. இருந்த இடத்தில் ஒரு நாளில் பத்து மணி நேரம் வந்தது. ஏழைகள் வண்டிக்காரரிடம் பல மடங்கு விலைக்கு வாங்கினார்கள். நம் ஊர் எந்த அலுவலகத்தையும் இதைவிட மோசம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அவர் என்ன செய்தார்? வாசிக்கச் சலிப்பூட்டும் காரியங்கள்தான். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி யார் யாருக்கு இணைப்பு இருக்கிறது என்று பட்டியல் எடுத்தார். மீட்டர் வைத்தார். திருட்டு இணைப்பு விற்ற ஊழியர்களை வெளியேற்றி, உழைத்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். கட்டணத்தை உயர்த்தினார், அதே கையோடு ஏழைக் குடும்பங்களின் இணைப்புச் செலவுக்கு மானியம் கொடுத்தார். அமைச்சகங்களுக்கும் படைக்கும் பில் அனுப்பினார். பில் கட்டாத ஒரு படைத்தளபதியின் வீட்டு வாசலில் அவர் நெற்றியில் துப்பாக்கி வைக்கப்பட்டதும், அவர் காவலோடு திரும்பிவந்து அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்ததும் இன்று அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. 1996இல் ஆணையத்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 72 சதவீத இழப்பு ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு இறங்கியது. இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர், குழாயிலிருந்து நேராகக் குடிக்கலாம். 2006இல் அவருக்கு மகசேசே விருதும், 2010இல் ஆணையத்துக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் கிடைத்தன. 2012இல் ஒரு பகுதிப் பங்குகளைப் பங்குச்சந்தையில் விற்றார்கள். பெரும்பங்கு அரசிடமே இருக்கிறது. அந்த விற்பனை எனக்கு உவப்பானதல்ல. ஆனால், அதிசயம் என்று உலகம் சொன்னதெல்லாம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய பாத்திரம் இன்னொன்று உண்டு. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான், பிரான்ஸ் எல்லாம் பணம் தந்தன, சரி. ஜப்பானின் கிதாக்யூஷூ நகராட்சி தந்தது ஆட்களை. 1999 தொடங்கி அந்த நகரத்தின் குடிநீர்த் துறை ஊழியர்கள் புனோம்பென் போனார்கள். ஆலோசனை நிறுவனத்தின் கோட்டுசூட்டுக்காரர்கள் அல்ல, தங்கள் ஊரில் தினமும் வால்வு திருகும் ஆட்கள். நகரத்தை வட்டம் வட்டமாகப் பிரித்து, எந்த வட்டத்துக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு கணக்கில் வருகிறது என்று பார்க்கும் முறையைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். இரவில் குழாயின் மேல் காது வைத்துக் கசிவைக் கேட்கும் வித்தையெல்லாம் கையேட்டில் வராது. கிதாக்யூஷூவும் சும்மா வந்த ஊர் அல்ல. 1960களில் அதன் டோக்காய் விரிகுடா ஆலைக்கழிவில் செத்த கடலாகிக் கிடந்தது. தன் அழுக்கைத் தானே கழுவிய ஊர், இன்னோர் ஊருக்குக் கை கொடுத்தது. பிறகு கம்போடியாவின் மற்ற மாகாண நகரங்களுக்கும் போனது.

ஒரு நகரத்தின் பொது நீர் நிறுவனம் இன்னொரு நகரத்தின் பொது நீர் நிறுவனத்துக்கு, லாபம் பாராமல், உடன் ஊழியராக நின்று உதவுவது: இதற்கு ஐ.நா. வட்டாரத்தில் 'நீர் இயக்குநர் கூட்டுறவு' என்று பெயர். ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஹஷிமோதோ தலைமையிலான குழு 2006இல் இதைப் பரிந்துரைத்தது, ஐ.நா. வாழ்விட அமைப்பின் கீழ் 2009இல் இதற்கென்று ஓர் உலகக் கூட்டணியே அமைந்தது. உலகில் பெரும்பாலான மக்களுக்குத் தண்ணீர் தருபவை பொது நிறுவனங்கள்தான் என்ற எளிய கணக்கிலிருந்து வந்த யோசனை இது. 2022இன் கணக்குப்படி பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் இல்லாதவர்கள் 220 கோடிப் பேர், அதே தரத்தில் கழிப்பிட வசதி இல்லாதவர்கள் 350 கோடிப் பேர். இத்தனை பேரைக் கொட்டகை கொட்டகையாகக் கரையேற்ற முடியாது.

இப்போது நாம் வாழும் நாடுகளுக்கு வருவோம். நான் இருப்பது உட்ரெக்ட்டில். என் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் வாடைகூட இல்லை. நெதர்லாந்தில் அதைக் கலக்காமலே வீடுவரை கொண்டுவருகிறார்கள். விட்டன்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் பங்குகள் முழுக்க நகராட்சிகளிடமும் மாகாணங்களிடமும் இருக்கின்றன. குடிநீர் வழங்கலைத் தனியார் கையில் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. பங்குச்சந்தையைக் கண்டுபிடித்த வியாபாரிகளின் நாடு இது. அந்த நாடே தண்ணீரை மட்டும் கடையில் வைக்க மறுத்துவிட்டது. இந்த நீர் நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 1 சதவீதம் வரை வெளிநாட்டு நீர்ப்பணிக்குச் செலவிடலாம். பிரான்சில் 2005இன் ஊதன்-சாந்தினி சட்டம் இதே அனுமதியை உள்ளாட்சிகளுக்கும் நீர் முகமைகளுக்கும் தந்தது. விட்டன்ஸின் ஆட்கள் இருபது ஆண்டுகளாக மொசாம்பிக்கின் பொது நிறுவனத்தோடு இப்படி வேலை செய்கிறார்கள். என் ஆண்டுக் கட்டணத்தில் 1 சதவீதம் என்பது ரயில் நிலையக் கடையில் ஒரு காபிக்கும் காணாது. ஆனால், அது லட்சக்கணக்கான காபிகளின் கூட்டுத்தொகை. அது எங்கே போகிறது, எங்கே போகலாம் என்று இந்நாட்டுத் தமிழர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஊருக்கு இயந்திரம் வாங்க இரண்டு வாரத்தில் இரண்டாயிரம் யூரோ சேர்க்கும் வாட்ஸாப் குழுவில் இந்த 1 சதவீதத்தைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

பொது என்ற முத்திரை குத்திவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. அதே விட்டன்ஸ், தென்னாப்பிரிக்காவின் ராண்ட் வாட்டரோடு சேர்ந்து 2006இல் கானாவின் நகரக் குடிநீரை நிர்வகிக்க ஒரு நிறுவனம் தொடங்கிப் போனது. இரண்டும் சொந்த ஊரில் பொது நிறுவனங்கள். போன இடத்தில் ஒப்பந்தக்காரர்கள். உலக வங்கியின் பணம், ஐந்தாண்டு மேலாண்மை ஒப்பந்தம், இலக்குப் பட்டியல். தண்ணீர் இழப்பு ஏறக்குறைய பாதியிலேயே நின்றது. 2011இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பிவைத்தார்கள். மொசாம்பிக்கில் தோழராகப் போனவர் கானாவில் மேஸ்திரியாகப் போனார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

மேஸ்திரி தனியாராக இருந்தால் கதை இன்னும் வேகமாக முடியும். தான்சானியாவின் கடன் நிவாரணத்துக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, தாருஸ்ஸலாம் நகரின் குடிநீரைத் தனியார் நடத்த வேண்டும் என்பது. 2003இல் பிரிட்டிஷ் நிறுவனமான பைவாட்டர் தலைமையிலான கூட்டுக்கு அது போனது. பத்தாண்டு ஒப்பந்தம். 2005 மே மாதத்தில் அரசு அதைக் கிழித்துப் போட்டு, அதிகாரிகளை நாட்டைவிட்டு அனுப்பியது. நிறுவனம் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போயும் நஷ்டஈடாக ஒரு காசு பெறவில்லை. லண்டனில் வாழும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1989இல் இங்கிலாந்தின் தண்ணீரை விற்றார்கள். நிறுவனங்கள் கடனில் மூழ்கின, பங்குதாரர்கள் ஈவுத்தொகை எடுத்தார்கள், ஆறுகளில் மலம் மிதக்கிறது. பாரிஸ் நகரம் 2010இல் தன் தண்ணீரைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த ஆண்டே கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. இதெல்லாம் தெரிந்த பிறகும் 2018இல் கோயம்புத்தூரின் குடிநீர் விநியோகம் 26 ஆண்டு ஒப்பந்தத்தில் சூயஸ் நிறுவனத்துக்குப் போனது. பாரிஸில் பாதிக் குழாயை விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருந்த நிறுவனத்துக்கு நொய்யல் கரையில் கால் நூற்றாண்டு வேலை.

டொரொன்டோ வாசகர்கள் வால்கர்ட்டனை நினைவூட்டுவார்கள். ஊட்டட்டும். 2000 மே மாதத்தில் ஒன்டாரியோவின் அந்தச் சிற்றூரில் குழாய்த் தண்ணீரில் ஈ.கோலி கலந்து ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நடத்தியது பொது அமைப்புதான். பொறுப்பாளர்கள் குளோரின் பதிவேட்டில் பொய் எழுதியிருந்தார்கள். அதன்பின் பகிரங்க விசாரணை நடந்தது, மாகாண அரசு ஆய்வகங்களையும் மேற்பார்வையையும் வெட்டியதும் வெளிவந்தது, பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாக நின்றார்கள், சட்டம் புதிதாக எழுதப்பட்டது. பொது நிறுவனம் தப்பே செய்யாது என்பதல்ல என் வாதம். அது செய்த தப்பை நடுத்தெருவில் வைத்துக் கேட்கலாம். கல்வெட்டுக் கொட்டகையில் தண்ணீர் கெட்டால் எங்கள் ஊர்க்காரர் யாரைக் கூண்டில் ஏற்றுவார்? அம்மா பெயரையா?

கழிவுநீருக்கு வந்தால் நம் தானத்தின் சாயம் முழுக்க வெளுத்துவிடும். குடிநீருக்குப் பெயர் பொறித்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தாத்தா பெயரை வைக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறங்கிச் சாகிறவர்கள் எந்தச் சாதி என்று இந்தக் கட்டுரையில் நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. 2013இல் சட்டம் தடுத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. சாவு நிற்கவில்லை. ஏனென்றால் இறங்குகிறவர் எந்த வாரியத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரர் டீக்கடையிலிருந்து கூட்டிவந்த ஆள். அவரை நிரந்தர ஊழியராக்கி, இயந்திரமும் பயிற்சியும் மூச்சுக்கருவியும் தந்து, ஓய்வூதியக் கணக்கில் சேர்ப்பது எந்தத் தர்ம ஸ்தாபனத்தாலும் ஆகாது. மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழிப் பேரூராட்சி, லாரிகள் எடுத்துவரும் செப்டிக் கசடைச் சுத்திகரிக்க ஒரு சிறு நிலையம் நடத்துகிறது. மாநிலத்தில் அந்த வகையில் முன்னோடி. எளிமையான, பெருமைப்படத்தக்க பொதுக் காரியம். அங்கே போய் ஒரு படம் எடுத்துச் சங்க மலரில் போடுங்களேன்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இது வேறு வடிவில் தெரியும். ஆறில்லாத குடாநாடு, சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத்தண்ணீர், ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு. கிணறு உள்ளவருக்குத் தண்ணீர்ச் சபை எதற்கு என்று இருந்துவிடலாம். ஆனால் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அதே சுண்ணாம்புக்கல்லின் வழியாகத்தான் இறங்குகின்றன, நைட்ரேட் ஏறியது. சுன்னாகத்தில் கிணற்றுக்குள் எண்ணெய் வந்தது. அவரவர் கிணறு என்பது நிலத்தடியில் இல்லவே இல்லை என்பதை அந்த எண்ணெய் காட்டியது. இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரலாமா என்று யாழ்ப்பாணமும் கிளிநொச்சி விவசாயிகளும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினர். கடைசியில் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தைக் கட்டி 2024இல் திறந்தது. அந்தச் சண்டையில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பொது நிறுவனம் ஒன்று இருந்ததால்தான் சண்டை போடவும் ஓர் இடம் இருந்தது.

என் துறையையும் விடுவதற்கில்லை. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை வந்தபோது, பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை உலகப் பத்திரிகைகள் எழுதின. உலகத்துக்கே மென்பொருள் அனுப்பிய அந்தச் சாலை, சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளை உறிஞ்சி வந்த தனியார் லாரிகளை நம்பி வளர்ந்தது. கண்ணாடிக் கட்டடங்களின் கழிப்பறைக்காக யாருடைய வயல் வற்றியது என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது அதே துறையிலிருந்து புதுத் தொழில்முனைவோர் கிளம்பியிருக்கிறார்கள்: குடத்துக்குக் குடம் செயலி, குழாய்க்குக் குழாய் உணரி, 'தண்ணீருக்கான ஊபர்'. முதலீடு தேடி ஐரோப்பா வரும் இந்த இளைஞர்களின் விளக்கப்படங்களில் நகராட்சி என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்; 'தடைகள்' என்ற தலைப்பின் கீழ் மட்டும் கிடைக்கும்.

டெல்ஃப்டில் நான் முதுகலை படித்த காலத்தில், அங்குள்ள நீர்க் கல்வி நிறுவனத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த பொறியாளர்கள் எங்கள் விடுதியில் தங்கியிருந்தார்கள். பலரும் தங்கள் நாட்டு நீர் வாரியங்களில் வேலை செய்தவர்கள். அவர்களில் ஒருவரிடம், உங்களுக்கு உண்மையில் என்னதான் தேவை என்று கேட்டேன். பணம் என்பார் என்று நினைத்தேன். தங்கள் நகரத்தில் எந்தத் தெருவுக்கடியில் எந்த வால்வு இருக்கிறது என்பது ஓய்வுபெறப்போகும் இரண்டு லைன்மேன்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்றார். அவர்கள் போவதற்குள் அதை வரைபடத்தில் ஏற்றப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றார். தமிழ்நாட்டின் எந்தப் பேரூராட்சிக்குப் போய்க் கேட்டாலும் இந்தப் பதிலையே சொல்வார்கள். அந்த லைன்மேனின் தமிழ் நமக்குப் புரியும், அந்த மென்பொருளும் நமக்குத் தெரியும். இரண்டும் தெரிந்தவர்கள் உலகில் வேறு எங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள்?

2010 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபை குடிநீரும் கழிப்பிட வசதியும் மனித உரிமை என்று தீர்மானித்தபோது 122 நாடுகள் ஆதரித்தன, 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உண்டு. நம்மில் பெரும்பாலோர் குடியுரிமை எடுத்த நாடுகள்! அந்த அரசுகளிடம் நாம் தமிழர் பிரச்சினைகளுக்காக மனுக் கொடுத்துப் பழகியவர்கள். ஊர்வலம் போகத் தெரியும், நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகக் கதவு எது என்று தெரியும். நெதர்லாந்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நீர் வாரியங்களுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது; டச்சுக் குடியுரிமை இல்லாமல் சட்டப்படி வசிப்பவரும் வாக்களிக்கலாம். போன 2023 தேர்தலில் வாக்குச்சீட்டைக் குப்பையில் போட்ட தமிழர்களை எனக்குப் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியும்.

கேட்க வேண்டியவை எளியவை. உங்கள் நகரத்தின் நீர் நிறுவனம் வெளிநாட்டுப் பொது நீர் நிறுவனம் எதனோடாவது கைகோத்திருக்கிறதா? இல்லையென்றால், பிரான்சைப் போல 1 சதவீதத்துக்கு வழிவிட உங்கள் நகரமன்றம் தயாரா? போனால் தோழராகப் போவார்களா, ஒப்பந்தக்காரராகவா? தங்கள் நாட்டுக் கம்பெனியின் குழாயை விற்கத்தான் போகிறார்களா?

கொடுப்பவர் எப்போதும் வெள்ளைக்கார நகரமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்கள் 'கூடம்' என்ற முறையைத் தங்களுக்குள்ளேயே உருவாக்கினார்கள். தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் பதவியைக் கழற்றிவைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து, எங்கே தவறுகிறோம் என்று பேசினார்கள். பிறகு கிராமத்துக்குப் போய் அங்கேயும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தண்ணீரை ஜனநாயகப்படுத்துதல் என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து அதைப் பற்றி எழுதினார்கள். நாம் படிக்கவில்லை, ஏனென்றால் அதில் அரசு ஊழியர்கள் நல்லவர்களாக வருகிறார்கள்.

அந்த வாரியத்தின் பொறியாளர்களும் யாழ்ப்பாணத்து நீர்வழங்கல் சபையின் பொறியாளர்களும் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ராமநாதபுரம் நரிப்பையூரில் 1990களின் இறுதியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நெம்மேலியில் 2013 முதல் ஓடுகிறது. தாளையடியில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. எந்தச் சவ்வு எத்தனை நாள் தாங்கியது, வெளியேறும் உப்பு மீனவர் பாடுகளை என்ன செய்தது, மின்கட்டணம் யார் தலையில் விழுந்தது என்று ஒரு கரை மறுகரைக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உட்ரெக்ட்டோ டொரொன்டோவோ தன் 1 சதவீதத்தில் இதற்கு மூன்றாவது கையாக வரலாம். பத்துப் பொறியாளர்கள் ஒரு வாரம் போய்வரும் செலவை இந்திய விலையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கல்வெட்டோடு சேர்த்து ஓர் ஆர்.ஓ. கொட்டகைக்கு எங்கள் சங்கம் சென்ற ஆண்டு சேர்த்த தொகைக்குள் அடங்குகிறது.